தாழ்ப்பாளில் வைத்த கை

"இந்த ராணி வேஷம் எனக்கு வேண்டாம், வாத்தியாரே."

சவரியாள் இப்படிச் சொன்னதும் நாடகம் பழக்கும் கயித்தான் வாத்தியார் மத்தளத்திலிருந்து கையை எடுத்தார்.

மறுநாள் கோயில் திருவிழாவில் நாடகம். அந்தக் கடற்கரை ஊரில் தலைமுறை தலைமுறையாக நடிக்கிற சோக நாடகம் அது.

"ஏம்மா?"

"போருக்குப் போன மகன் திரும்பல. வாசல்ல யாரோ தட்டுறாங்க. இவ தாழ்ப்பாள்ல கை வைக்கிறா, திறக்க மாட்டேங்கிறா. விடிஞ்சு பார்த்தா, காயம்பட்ட மகன் வாசப்படியில செத்துக் கிடக்கான். பெத்தவ செய்யிற காரியமா இது?"

"கல்நெஞ்சுக்காரின்னு சிலர் சொல்றாங்க. தோத்து ஓடிவந்த பிள்ளையப் பார்க்க மாட்டேன்னு வீம்புல நின்னாள்னு சிலர் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. நின்னு பாரு."

அவர் கடற்கரையோர ஒத்திகைக் கொட்டகையின் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

நின்றாள். மனம்தான் ஒரு நிலையில் நிற்கவில்லை. காலையிலேயே கரை சேர வேண்டிய படகு, மதியம் தாண்டியும் வரவில்லை. அதில் அவளுடைய ஒரே மகன் இஞ்ஞாசி போயிருந்தான். காற்று கூரையைப் பிய்த்துவிடுவதுபோல் அடித்தது. வீட்டில் இருப்புக்கொள்ளாமல்தான் ஒத்திகைக்கே வந்திருந்தாள்.

"வசனத்தைச் சொல்லும்மா."

அவள் காது கடல் பக்கமே இருந்தது.

வெளியே ஆட்கள் ஓடுகிற சத்தம். யாரோ கத்தினார்கள். காற்றில் ஒன்றும் விளங்கவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. இரும்பு சில்லென்றிருந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

மறுபடி தட்டினார்கள்.

வாத்தியார் எழுந்து வந்து தாழை நீக்கப் போனார். சவரியாள் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"வேண்டாம் வாத்தியாரே. இன்னும் கொஞ்ச நேரம்."

"எதுக்கும்மா?"

"திறக்காத வரைக்கும் எம்பிள்ளை உசிரோட இருக்கான்." அவள் நகம் அவர் தோலில் பதிந்திருந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இந்த முறை சத்தம் மெலிந்து, கதவின் அடிப்பக்கம் கேட்டது.

சவரியாள் அவர் கையை விட்டுவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள்.

படியில் சுருண்டு கிடந்தான் இஞ்ஞாசி. உடம்பெல்லாம் உப்புநீர். உதடு நீலம் பாரித்திருந்தது.

"எம்மா... எவ்வளவு நேரமாத் தட்டுறேன்..."

அவனை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். வாத்தியார் தன் துண்டைப் போர்த்திவிட்டு வெந்நீருக்கு ஓடினார்.

மகனின் தலையை மார்போடு அழுத்திக்கொண்டு சவரியாள் அழுதாள்.

"ஐயோ, அந்த ராணி! ஐயோ, அந்த ராணி!"