மச்சானின் எடையும் வஜ்ஜிரவேலுவின் முதுகும்

ஈச்சம்பூண்டிக்காரர்கள் யார் சொன்ன பேச்சையும் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே குறை அதுதான். மற்றபடி தங்கமான மனிதர்கள்.

அந்த ஊரில் ஆறு பேர் கொண்ட கயிறு இழுக்கும் அணி ஒன்று உண்டு. காணும் பொங்கலன்று பக்கத்து ஊரான கொக்கரப்பாளையத்தோடு மோதுவார்கள். கோப்பை, கேடயம் எல்லாம் கிடையாது. தோற்ற அணியின் ஆறு பேரும் ஜெயித்த அணியின் கடைசி ஆளைத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றி வரவேண்டும். கயிற்றின் கோடியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறவன்தான் கடைசி ஆள். கொக்கரப்பாளையத்தின் கடைசி ஆள் துரைக்கண்ணு. அவன் அரிசி மண்டித் தராசில் கால் வைத்தால், மண்டிக்காரர் இறங்கிவிடச் சொல்லிக் கெஞ்சுவார்.

போன பொங்கலில் ஈச்சம்பூண்டி தோற்றது. துரைக்கண்ணு தோளில் ஏறினான். முதல் தெருமுனை திரும்புவதற்குள் வஜ்ஜிரவேலுவின் இடுப்பில் மளுக்கென்று ஒரு சத்தம். இந்த வஜ்ஜிரவேலு ஈச்சம்பூண்டியின் கடைசி ஆள். துரைக்கண்ணுவின் அக்கா ஆண்டாளைக் கட்டியவனும் அவன்தான்.

"இன்னா மாமா, அக்காவைக் கட்டினு போனப்போ இருந்த தெம்பு இப்ப இல்லியா?" என்று மேலே இருந்தபடியே கேட்டான் துரைக்கண்ணு.

அன்றைக்குப் பிடித்த வலி ஆடியில் கொஞ்சம் விட்டது, ஐப்பசியில் திரும்பி வந்தது, மார்கழிப் பனியில் முற்றியது. இதோ அடுத்த பொங்கலும் நெருங்கிவிட்டது.

"இன்னொரு வாட்டி அவன் என் தோள்ல ஏறினான்னா, நான் நேரா ஆபரேஷன் டேபிள்லதான் எறங்குவேன்" என்றான் வஜ்ஜிரவேலு. சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவனுக்கு ஊசி என்றாலே ஆகாது.

ஆறு பேரும் ஒன்றாக டவுனுக்குப் போய் டாக்டர் ஷகிலாவைப் பார்த்தார்கள். அந்த அம்மா காலைத் தூக்கிப் பார்த்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார், விரலை அசைக்கச் சொன்னார்.

"ஆபரேஷன் எல்லாம் வேண்டாம். முதுகு வலியில முக்காவாசி இப்படியே சரியாயிடும். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்குப் போக சிரமமா இருந்தாலோ உடனே ஓடி வாங்க. மத்தபடி படுத்தே கிடக்காதீங்க, நடமாடுங்க. வலிக்கிற இடத்துல வெந்நீர் ஒத்தடம் கொடுங்க. இடுப்பை வளைச்சுக் குனியாதீங்க. எடை தூக்காதீங்க. முக்கியமா ஒண்ணு: கனமான எதையும் இழுக்காதீங்க, தள்ளுங்க."

இவ்வளவுதான் சொன்னார். நல்ல டாக்டர். கேட்டவர்கள் யார் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

வழியிலேயே டீக்கடையில் பஞ்சாயத்து கூடியது. அணியில் யோசிக்கிற பொறுப்பு ஏகாம்பரத்துடையது. மற்றவர்கள் அந்த வேலையை அவனிடமே விட்டிருந்தார்கள்.

"உனுக்கு எங்க வலிக்குது? தெளிவா சொல்லு" என்றான் ஏகாம்பரம்.

"தோ, இந்த பெஞ்சுல குந்துனாத்தான் உயிர் போவுது."

உடனே வெந்நீர் வாங்கி, துண்டை நனைத்துப் பிழிந்து, பெஞ்சுக்கு நன்றாக ஒத்தடம் கொடுத்தார்கள். பெஞ்சு ஈரமானதால் வஜ்ஜிரவேலு உட்காரவில்லை. உட்காராததால் வலிக்கவில்லை.

"பாத்தியா, படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றான் கன்னியப்பன்.

அடுத்தது குனிகிற விஷயம். வஜ்ஜிரவேலு தினமும் மாட்டில் பால் கறப்பவன்.

"குனியாம எப்படிக் கறக்கறது?" என்று கேட்டான் தணிகை.

"மாட்ட ஒசத்தணும்."

"மாடு ஒத்துக்காது. போன வாட்டி வைக்கோல் போர் மேல ஏத்துனப்பவே கோச்சுக்கிச்சு."

ஏகாம்பரம் கண்ணை மூடி யோசித்தான். "அப்போ இவன எறக்கணும்."

கொட்டகையில், மாட்டின் மடி வஜ்ஜிரவேலுவின் நெஞ்சுக்கு நேராக வரும்படி ஒரு பள்ளம் வெட்டினார்கள். உண்மையைச் சொன்னால், ஏற்பாடு பிரமாதம். அவன் பள்ளத்தில் நிமிர்ந்து நின்று ராஜா மாதிரி கறந்தான். வெளியே வரத்தான் வழியில்லை. எடை தூக்கக் கூடாது என்பதால் தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு மேலே ஏற அவன் மறுத்துவிட்டான். ஐந்து பேரும் மாட்டுக்கயிற்றைப் போட்டு அவனைத் தூக்கியெடுத்தார்கள்.

சாணி அள்ள வந்த ஆண்டாள் நேராக அந்தப் பள்ளத்துக்குள் போனாள். உள்ளிருந்தபடி அவள் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. "அந்தாளு முதுகு தானா தேறிடும்டா! நீங்க கொஞ்ச நாளு சும்மா கெடந்தா போதும்!" என்பது மட்டும் அச்சில் ஏறக்கூடியது.

ஆனால் சும்மா கிடக்கக் கூடாதென்றுதானே டாக்டர் சொல்லியிருந்தார்? வஜ்ஜிரவேலு பகலில் திண்டில் சாய்ந்தால்கூட இருவர் வந்து அக்குளில் கைகொடுத்து எழுப்பி வரப்பு வரப்பாக நடத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நடையில் அவன் முதுகு உண்மையாகவே தேறிவந்தது. இதை ஒருவரும் கவனிக்கவில்லை, அவன் உட்பட.

காணும் பொங்கல் வந்தது. ஏரிக்கரை மைதானத்தில் கயிறு நீண்டு கிடந்தது, நடுவில் சிவப்புத் துணி. எதிரில் துரைக்கண்ணு தொடையைத் தட்டிக்கொண்டு, "மாமா, தோளுக்கு எண்ணெ தடவினு வந்தியா?" என்றான்.

வஜ்ஜிரவேலுவின் முகம் வெளுத்துப்போனது. "ஏகாம்பரம், இழுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"ஆமா. தள்ளச் சொன்னாங்கோ. நீ தள்ளு."

"அவன் தள்ளி நாம இழுத்தா நமக்குள்ளயே போட்டி ஆயிடாதா?" என்றான் தணிகை.

இது நியாயமான கேள்வி. ஏகாம்பரம் கண்ணை மூடினான். திறந்தபோது முடிவு தயாராக இருந்தது. "ஒரு டீமுன்னா எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்யணும். ஆறு பேரும் தள்ளுவோம்."

நடுவர் விசில் ஊதினார். கொக்கரப்பாளையம் பல்லைக் கடித்துப் பின்னால் சாய்ந்து மூச்சைக் கட்டி இழுத்தது. ஈச்சம்பூண்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு "தள்ளு! தள்ளு!" என்று முன்னால் பாய்ந்தது.

கயிறு தொய்ந்தது. கொக்கரப்பாளையத்தார் ஆறு பேரும் வரிசையாக மல்லாக்க விழுந்தார்கள். கடைசியாக விழுந்தது துரைக்கண்ணு. அப்போது ஒரு மளுக் கேட்டது. ஏரியில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

சிவப்புத் துணி கொக்கரப்பாளையத்துப் பக்கம் கிடந்தது. ஆகவே, ஜெயித்தது அவர்கள்தான் என்றார் நடுவர்.

வஜ்ஜிரவேலுவுக்கு அழுகையே வந்துவிட்டது. "தூக்கியே ஆவணுமா?"

"சம்பிரதாயத்த மீற முடியாது. ஆனா எடையத் தூக்கவும் கூடாது" என்றான் ஏகாம்பரம். "தள்ளலாம்."

சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள் அல்லவா? ஆறு பேரும் துரைக்கண்ணுவை உருட்ட ஆரம்பித்தார்கள். மேளம் முன்னால் போனது, துரைக்கண்ணு பின்னால் உருண்டு வந்தான். முதல் தெருமுனை வருவதற்குள் அவன் அலறிவிட்டான்.

"ஐயோ மாமா! நாங்க ஜெயிக்கலே! நீங்கதான் ஜெயிச்சீங்க! தோத்தது நாங்கதான், விட்ருங்க!"

கடைசி ஆளே ஒப்புக்கொண்டபின் மறுப்பதற்கு இல்லை என்றார் நடுவர். ஈச்சம்பூண்டி ஆரவாரம் செய்தது. வஜ்ஜிரவேலு சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தான். முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் சிக்கல் தீரவில்லை. இப்போது தோற்றவர்கள் ஜெயித்தவனைத் தோளில் சுமக்க வேண்டும். தோற்றவர்களோ எழுந்திருக்கவே முடியாமல் கிடக்கிறார்கள்.

"தோத்தவன் தோள் மேல ஜெயிச்சவன் குந்தணும். அந்தத் தோளு தரையில கெடக்குதே?" என்றான் கன்னியப்பன்.

"அப்போ தோளைத் தூக்கு" என்றான் ஏகாம்பரம்.

ஈச்சம்பூண்டியின் மற்ற ஐந்து பேரும் துரைக்கண்ணுவைத் தூக்கி நிறுத்தித் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். அவன் தோள்மேல் வஜ்ஜிரவேலு ஏறி மாலையோடு உட்கார்ந்தான். ஊரை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினார்கள். இப்படி ஓர் ஊர்வலத்தை அந்த வட்டாரம் பார்த்ததில்லை.

மறுநாள் காலை டாக்டர் ஷகிலாவின் அறைக்குள் ஐந்து பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோணலாக வந்து நின்றார்கள். அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவன் வஜ்ஜிரவேலு.

"எல்லாருக்குமா? எதையாவது தூக்குனீங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டார் டாக்டர்.

ஏகாம்பரம் வலியையும் மீறி நிமிர்ந்தான். "நாங்க ஏன் டாக்டரம்மா தூக்கப் போறோம்? ஜெயிச்சது நாங்க. தூக்குனது தோத்தவங்கதான். அவங்களால முடியலன்னு, நாங்க அவங்களத் தூக்கினோம், அவ்ளோதான்."