நாற்பது இஞ்ச் மழைக்கோட்டு

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. அதுக்கு என்ன போடணும், மாஸ்டர்?"

கேட்டவர் சௌந்தரராஜன். வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் மெடிக்கல் ரெப்பாக பைக்கிலேயே ஊர் ஊராகச் சுற்றி ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் ரெஜினா. அவளுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. போடியிலிருந்து மலை ஏறும் சாலையில், அடிவாரத்து முந்தல் ஊருக்குச் சற்று முன்னால் அவள் கடை. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தவள், பிறகு பைக்கில் மலை ஏறுகிறவர்களுக்கு ஜாக்கெட்டும் மழைக்கோட்டும் தைக்க ஆரம்பித்தாள். அவளும் நன்றாக ஓட்டுவாள். ஏறப் போகிறவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். எல்லாருக்கும் அவள் மாஸ்டர்.

"யாருக்கு?" என்றாள் ரெஜினா.

"எனக்கும் பாய்க்கும்."

பாய் என்றால் ஹபீபுல்லா. அவரும் ரெப்தான், போட்டிக் கம்பெனி. ஒரே காய்ச்சலுக்கு இருவரும் வேறு வேறு மாத்திரை விற்றார்கள். டாக்டர் முன்னால் அவரவர் மாத்திரைதான் உசத்தி என்று சத்தியம் செய்துவிட்டு, வெளியே வந்ததும் ஒரே வண்டியில் ஏறிக்கொள்வார்கள். பெட்ரோல் மிச்சம், பேச்சுத் துணையும் ஆச்சு.

மூணாறு லைன் இருவருக்கும் மாதம் இரண்டு தடவை. போடியில் வெயில் மண்டையைப் பிளக்கும். பாதி மலையில் சாரல் பிடிக்கும். போடிமெட்டைத் தாண்டினால் பல் தந்தியடிக்கும். அந்தக் காலத்தில் ஜாக்கெட்டாவது ஒன்றாவது. பத்தாவது வளைவில் வண்டியை நிறுத்தி, சட்டைக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொள்வார்கள். நெஞ்சுக்கு அவரவரே வைத்துக்கொள்ளலாம். முதுகுக்கு அடுத்தவன்தான் வைக்க வேண்டும். கால் நனையாமலிருக்க ஷூவுக்குள் பால் கவர். அப்படியே கழுத்தில் டையோடு போய் எஸ்டேட் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காருவார்கள். நடந்தால் கவர் சரசரக்கும். நர்சுகள் சிரிப்பார்கள்.

சௌந்தரராஜன் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் பத்து வயது குறைந்தது.

இப்போது ஹபீபுல்லாவுக்கு நுரையீரல் சரியில்லை. இரண்டு தடவை நிமோனியா வந்து, கடைசித் தடவை இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். இந்த மாதக் கடைசியில் மகன் வீட்டுக்குச் சென்னை போகிறார். போனால் திரும்புவதில்லை என்று ஏற்பாடு. போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, பைக்கில், மலை ஏறிப் பார்க்க வேண்டும் என்கிறார்.

காரில் போகலாமே என்று அவர் மனைவி மும்தாஜ் கேட்டிருக்கிறாள். கார்ல போனா மலை கண்ணாடிக்கு வெளியில நிக்கும், நான் உள்ள உக்காந்திருப்பேன், அதுக்கு டிவியிலயே பாத்துக்குவேன் என்று பதில் சொல்லிவிட்டார்.

முப்பது வருஷம் வாசலில் காக்க வைத்த டாக்டர் இந்தத் தடவை உடனே உள்ளே கூப்பிட்டார். மெதுவாகப் போய் வரலாம், ஆனால் நனையக் கூடாது, குளிரும் ஏறக் கூடாது, இன்னொரு தடவை சளி கட்டினால் என் கையில் இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

ஆடி மாதம். மலையில் தினமும் மழை.

"அவரை நனையாமக் கொண்டு வந்து சேக்கணும், மாஸ்டர். மும்தாஜ் கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்," என்றார் சௌந்தரராஜன்.

ரெஜினா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு மழைக்கோட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னாள். எப்படிப்பட்டது என்று கேட்டதற்கு, உங்களுக்குச் சரின்னு படுறதை வாங்குங்க என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

*

தேனியில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கினார். ஆளுயரக் கண்ணாடி முன் நின்று, முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து, கச்சிதம் என்று திருப்திப்பட்டுத்தான் வாங்கினார்.

ரெஜினா அவரை வாசலில் நிற்க வைத்துத் தலையோடு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள்.

உள்ளே ஒரு சொட்டு இல்லை. சௌந்தரராஜன் மார்பைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"வண்டில உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். கை நீண்டதும் கோட்டின் கை முழங்கை வரை ஏறியது. கால் மடங்கியதும் கோட்டோடு வந்த பேன்ட் கெண்டைக்கால் வரை போனது. மடியில் ஒரு குழி விழுந்தது.

இரண்டாவது வாளியை ஊற்றினாள். மடிக்குழியில் தண்ணீர் தேங்கி, ஜிப் வழியாக உள்ளே இறங்கியது. எங்கே இறங்கியது என்று அவர் முகமே சொல்லிற்று.

"நின்னுக்கிட்டேவா சார் மலை ஏறப் போறீங்க?"

அவர் ஈரத்தோடு வீட்டுக்குப் போனார்.

*

இரண்டாவது தடவை மதுரைக்குப் போய் வாங்கி வந்தார். கனமான ரப்பர் உடுப்பு, மேலும் கீழும். கடைக்காரர் முறைக்க முறைக்க ஸ்டூலில் உட்கார்ந்து, கையை நீட்டிக் காலை மடக்கிப் பார்த்து வாங்கியது. மணிக்கட்டில் இறுக்கம், கழுத்தில் இறுக்கம். எறும்பு நுழைய வழியில்லை.

ரெஜினா இந்தத் தடவை வாளியைத் தொடவில்லை. மணி பன்னிரண்டு. இதைப் போட்டுக்கொண்டு போடி பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வரச் சொன்னாள்.

வந்தார். உடுப்பைக் கழற்றினார். சட்டையைப் பிழிந்தால் அரைச் சொம்பு தேறும்.

"எங்க சார் மழை?"

"மழை இல்ல மாஸ்டர். வேர்வை."

"இதே ஈரத்தோட மேல போனா அங்க இருக்கிற காத்துக்கு, இது மழைத்தண்ணி, இது வேர்வைன்னு வித்தியாசம் தெரியுமா?"

சௌந்தரராஜன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் ரெஜினா கொஞ்சம் பேசினாள். கீழே வெயிலுக்குக் காற்று புகுந்து போகிற வலை ஜாக்கெட் வேண்டும், விழுந்தால் அடிபடாமலிருக்க முழங்கைக்கும் முதுகுக்கும் பட்டை வைத்தது. சாரல் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அதற்கு மேலே மழைக்கோட்டு ஏறிவிட வேண்டும். மழையை உள்துணியில் தடுக்கிற ஜாக்கெட்டும் விற்கிறார்கள், அதில் மேல்துணி ஊறிக் கனத்துக் குளிரை இழுக்கும், உங்களுக்கு அது ஆகாது என்றாள். போடிமெட்டுக்கு மேலே உள்ளே ஒரு கம்பளி. கையுறையின் வாய் கோட்டுக் கைக்குள் போக வேண்டும். வெளியே விட்டால் அது தண்ணீர் பிடிக்கிற புனல்.

"எல்லாத்துக்கும் மேல, உடம்போட இருக்கணும். தொளதொளன்னு இருந்தா காத்து தூக்கும். மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்துல தண்ணி வழி கண்டுபிடிச்சிரும்."

அவர் சிறு பிள்ளை போல எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். டாக்டர்கள் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்த கை, இன்னும் வேகம் குறையவில்லை.

*

மூன்றாவது தடவை இரண்டு பெரிய பைகளோடு வந்தார். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தது. வலை ஜாக்கெட், மேலே மழைக்கோட்டு, உள்ளே கம்பளி, கையுறை, எல்லாம் இரண்டிரண்டு.

ரெஜினா உட்கார வைத்து ஊற்றினாள். நனையவில்லை. வெயிலில் அனுப்பினாள். வலை ஜாக்கெட்டோடு போனவர் உலர்ந்தே திரும்பினார். கோட்டின் கை மணிக்கட்டிலேயே நின்றது, மடியில் குழி விழவில்லை.

சௌந்தரராஜன் பாராட்டுக்காகக் காத்து நின்றார். பரீட்சை எழுதி முடித்தவனுக்கு இருக்கிற நியாயமான ஆசை அது.

"இந்தப் பை?" என்று ரெஜினா இரண்டாவது பையைக் காட்டினாள்.

"பாய்க்கு."

"போட்டுப் பாத்தாரா?"

"அவசியமில்ல மாஸ்டர். எனக்கும் அவனுக்கும் ஒரே அளவு. நாற்பது. ஒருத்தன் சட்டைய ஒருத்தன் மாத்திப் போட்டுக்கிட்டுத்தான் மீட்டிங்குக்கே போவோம்."

"எப்ப எடுத்த அளவு?"

"எண்பத்தொன்பதுல இருந்து அதான்."

ரெஜினா சிரிக்கவில்லை. வியாழக்கிழமை பாயைக் கூட்டி வரச் சொன்னாள்.

*

வியாழக்கிழமை ஆட்டோவில் வந்தார்கள். ஹபீபுல்லா இறங்கி, ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று மூச்சு வாங்கினார். பிறகு தலையைத் தூக்கி மலையைப் பார்த்தார். மேலே மேகம் கிடந்தது.

"அங்கதான் மாஸ்டர், அந்த மேகத்துக்குள்ள," என்றார். "அங்க ஏறினதும் ஏலக்கா வாசம் வரும். ஹெல்மெட்டுக்குள்ளயே வரும். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப மூக்குல குழாய் மாட்டியிருந்தாங்க. அதுலயும் எனக்கு அந்த வாசம்தான் வந்துச்சு. நர்சு கிட்ட சொன்னேன். அந்தப் புள்ள மருந்த மாத்திருச்சு."

சௌந்தரராஜன் வாய்விட்டுச் சிரித்தார். உடனே பையைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து நண்பருக்கு மாட்டிவிட்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குத்தி வலி தங்கிவிட்ட இடது கையை நுழைக்கும்போது மட்டும் பாய் முகத்தைச் சுளித்தார். வண்டியின் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள்.

ஜாக்கெட்டின் தோள் பாயின் புஜத்தில் தொங்கியது. முழங்கைப் பட்டை மணிக்கட்டுக்கு வந்திருந்தது. கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஒரு கையை முழுசாக விடலாம்.

சௌந்தரராஜன் இடுப்பு வாரை இழுத்தார். கை வாரை இழுத்தார். காலரை மடித்து ஒட்டினார். இழுக்க இழுக்க முதுகில் மடிப்பு மடிப்பாக விழுந்தது.

"கொஞ்சம் இறுக்கினாச் சரியாயிரும்," என்றார். "இப்ப சரியா இருக்கு பாருங்க, மாஸ்டர்."

ரெஜினா பார்த்தாள். உள்ளே போய் வாளியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பாய் பக்கத்தில் நின்று வாளியைத் தூக்கினாள்.

சௌந்தரராஜன் பாய்ந்து அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாம்."

"ஏன் சார்?"

"நனைஞ்சிருவான்."

"சரியா இருக்குன்னு சொன்னீங்களே."

அவர் பிடியை விடவில்லை. வாளியிலிருந்த தண்ணீர் ஆடி அடங்குகிற வரை அப்படியே நின்றார்கள்.

ரெஜினா வாளியைக் கீழே வைத்தாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அளவெடுங்க. நான் புதுசாத் தைச்சுத் தர்றேன்."

ஜாக்கெட்டைக் கழற்றினார்கள். ஹபீபுல்லா வெறும் சட்டையோடு வண்டியில் உட்கார்ந்தபடி கைகளை லேசாகத் தூக்கினார். சௌந்தரராஜன் நாடாவை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அந்த முதுகை அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ காலை வேளைகளில் அகலமாக விரித்த தாளை அந்த முதுகில் வைத்து, தட்டிச் சமமாக்கியிருக்கிறார். இப்போது விரலுக்கு எலும்பு தட்டுப்பட்டது. ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. வாரம் தவறாமல் பாயை அவர் வீட்டில் போய்ப் பார்க்கிறவர்தான் இவர். பார்த்துக்கொண்டிருந்தது வேறு யாரையோ என்று இப்போது தோன்றியது.

நாடாவை மார்பில் கொண்டுவந்து சேர்த்தார்.

"நாற்பது," என்றார்.

ரெஜினா அசையவில்லை.

ஹபீபுல்லா குனிந்து தன் நெஞ்சிலிருந்த நாடாவைப் பார்த்தார். அது தொங்கும்படி தளர்த்திப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்தார்.

"சௌந்தர்," என்றார். "நாற்பதக் கூட்டிக்கிட்டு நீ நூறு தடவ மலை ஏறிட்ட. இந்த ஒரு தடவ என்னக் கூட்டிட்டுப் போப்பா."

சௌந்தரராஜனுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க முயற்சி செய்யவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்து, பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாடாவை முதலிலிருந்து பிடித்தார். இறுக்காமல், தொங்கவும் விடாமல் பிடித்தார்.

"முப்பத்திநாலு," என்றார்.

அதற்குப் பிறகுதான் ரெஜினா பென்சிலை எடுத்தாள்.