சிட்டம்மா போட்ட விருந்து

குளக்கரை ஈச்சமரத்தில் மஞ்சப்பன் என்ற தூக்கணாங்குருவி ஒரு கம்பெனி வைத்திருந்தது. என்ன கம்பெனி? கூடு கட்டித் தரும் கான்ட்ராக்ட் கம்பெனிதான்! மஞ்சப்பன் கூடு பின்னும். மனைவி சிட்டம்மா உள்ளே புகுந்து, உலுக்கிப் பார்த்து, "சரி" என்றால்தான் கூடு கைமாறும். கூலி தினைக்கதிர்.

அந்த வருஷம் இருநூறு கதிர் சேர்ந்தது. மஞ்சப்பன் தலைகீழாகத் தொங்கிப் பாடியது. அப்புறம்தான் வரி ஞாபகம் வந்தது. சிங்கராசா சட்டப்படி ஒருவர் வருமானத்தில் நூறு கதிர் வரை வரி கிடையாது. அதற்கு மேல் உள்ளதில் பாதி அரண்மனைக்கு.

"ஐயோ, ஐம்பது கதிர் போகுதே! மழை வரப்போகுது, மூணு முட்டை பொரியப்போகுது!" என்று, காட்டுக்கே யோசனை சொல்லும் நரியிடம் ஓடியது.

"இதுக்கா இந்தப் புலம்பல்? வீட்டுக்காரம்மாவைப் பாதிப் பங்குதாரர் ஆக்கு. ஆளுக்கு நூறு, வரியே இல்லை! சும்மா பேருக்குத்தான், பயப்படாதே" என்று நரி கண்ணடித்தது.

மஞ்சப்பன் ஓலையில் எழுதிக் கொடுத்தது. சிட்டம்மா படித்தது. இன்னொரு தரம் படித்தது. அவ்வளவுதான், கிளம்பிவிட்டது!

புயலில் கூடிழந்த சில்லைக் குருவிகளுக்கு முப்பது கதிர். குளத்துப் பறவைகள் அத்தனைக்கும் விருந்து, அதற்கு நாற்பது. நாரைகூட வந்து ஆடிவிட்டுப் போனது!

"அடியே! பேருக்குத்தானே கொடுத்தேன்!" என்று குதித்தது மஞ்சப்பன்.

"எழுதிக் கொடுத்தது நீங்கதானே? என் பங்கை நான் செலவு பண்றேன்!"

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் வரி அதிகாரி கொக்கு வந்து இறங்கியது. முகம் கடுகடுவென்று இருந்தது.

"பக்கத்து மரத்து அணிலும் நரி பேச்சைக் கேட்டு மனைவிக்குப் பங்கு எழுதியிருக்கிறது. அவளுக்கோ அது தெரியவே தெரியாது! பொய்க்கணக்கு என்று மொத்தக் கிடங்கையும் அள்ளிவிட்டோம். சிட்டம்மா, உன் பங்கு எங்கே?"

'முட்டை பொரியும் நேரத்தில் எல்லாம் போச்சு' என்று நினைத்தது மஞ்சப்பன்.

"முப்பதுதான் மிச்சம் ஐயா! பாக்கியைச் செலவு பண்ணிட்டேன்" என்றது சிட்டம்மா.

"நாங்கதான் சாப்பிட்டோம்!" என்று பறவைகள் கத்தின.

"புருஷனைக் கேட்டுத்தான் செலவு செய்தாயா?"

"எதுக்குக் கேட்கணும்? அந்தக் கோபத்துலதான் ரெண்டு நாளா என்கூடப் பேசலை!"

கொக்கு கடகடவென்று சிரித்தது. "பேருக்குக் கொடுத்த பங்காக இருந்தால், நீ செலவு செய்திருக்க முடியாது, இவனும் முகத்தைத் தூக்கி வைத்ததோடு விடாமல் மிச்சத்தைப் பிடுங்கியிருப்பான். பங்கு உன்னுடையதுதான். வரி இல்லை!"

மஞ்சப்பனுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"சிட்டம்மா, அடுத்த விருந்து எப்போ?"

"முட்டை பொரிஞ்சதும்! ஆனா அது உங்க பங்குலேருந்து!"

மரமே சிரித்தது.

பங்கு கொடுப்பவர்கள் மனதாரக் கொடுக்க வேண்டும். பேருக்குக் கொடுத்தால் பங்கும் நிற்காது, உள்ளதும் போய்விடும்.