யாளி வாயில் உருண்டை

வாயில் சோற்றை அதக்கிக்கொண்டு, விழுங்கவும் மாட்டேன் துப்பவும் மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நீங்கள் ஊட்டியிருக்கிறீர்களா?

அருள்நம்பி ஊட்டியதில்லை. இரண்டு பிள்ளை பெற்றவர்தான். இரண்டையும் வளர்த்தது அவர் மனைவி.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று.

குருவின் பெயர் கலைமதி. செய்யாறு போகிற சாலையில் அங்கன்வாடி டீச்சர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அருள்நம்பியின் கார் அந்த வாசலில் பஞ்சரானது. டயர் மாற்றுகிற நேரத்துக்குள், அழுதுகொண்டிருந்த பதினெட்டுப் பிள்ளைகளை அவள் ஒரே வார்த்தையில் சிரிக்க வைத்ததைப் பார்த்தார். அன்றிலிருந்து, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற நாளெல்லாம் காரை அங்கேதான் விடச் சொல்வார்.

அன்று மத்தியானம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்.

“டீச்சர், நிறுத்திடட்டுமா, நடத்தட்டுமா?”

“எதை சார்? மூச்சையா?”

“ஆயிரங்கால் நாடு. எங்க ஓடிடியில வருதே, அந்தத் தொடர்.”

“அந்த மாயாஜாலக் கதையா? பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் பார்த்தேன். நல்லாத்தான் ஒட்டியிருந்தாங்க.”

அவர் விவரம் சொன்னார். பெரிய நாவல். கம்பெனி இதுவரை எதற்கும் இவ்வளவு கொட்டியதில்லை. மூன்று ஏக்கரில் கோட்டை செட். முதல் சீசன் வந்து இரண்டு மாதம். பார்க்க ஆரம்பித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் மூன்றாவது பாகத்தைத் தாண்டவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குக் கூட்டம். அடுத்த சீசன் உண்டா இல்லையா என்று அவர்தான் சொல்ல வேண்டும். இல்லை என்றால் ஆசாரி, தையல்காரர், மேக்கப்காரர் என்று நானூறு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். உண்டு என்றால் கம்பெனியே படுத்துவிடலாம்.

“ஜனங்களுக்கு இந்த மாதிரிக் கதையே வேண்டாம் போல, டீச்சர்.”

டீச்சர் ஒரு தட்டை அவர் கையில் வைத்தாள். சாம்பார் சாதம். ஓரத்தில் அரை முட்டை.

“இன்னிக்கு ஆயா லீவு. இவ தர்ஷிகா. உங்க கதையைச் சொல்லி இவளுக்கு ஊட்டுங்க. தட்டு காலியானதும் பதில் சொல்றேன்.”

தர்ஷிகாவுக்கு மூன்று வயது. இடது கன்னம் உப்பியிருந்தது. வாங்கிய முதல் வாய் இன்னும் அங்கேயே இருந்தது.

அருள்நம்பி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“ஒரு பெரிய கோட்டை. ஆறு ராஜா. ஆறு பேருக்கும் சண்டை. அம்பதாயிரம் குதிரை...”

பிள்ளை ஜன்னலில் இருந்த காக்காவைப் பார்த்தது.

“எத்தனை ராஜா சார்?” சாம்பார் வாளியோடு போன டீச்சர் கேட்டாள்.

“ஆறு.”

“அவளுக்கு அஞ்சு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்.”

அருள்நம்பி ஒரு ராஜாவைக் கொன்றார். பிள்ளை அசையவில்லை. கோட்டைக்குத் தீ வைத்தார். பிள்ளை கொட்டாவி விட்டது. அதையும் வாயைத் திறக்காமலே விட்டது.

“இவளுக்குப் பசி இல்லை போல டீச்சர். தட்டை எடுத்துடலாமா?”

டீச்சர் நின்றாள்.

“காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை சார்.”

அவ்வளவுதான் சொன்னாள். முட்டை உரிக்கப் போய்விட்டாள்.

அருள்நம்பி தட்டைப் பார்த்தார். உப்பிய கன்னத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒரு கோயில்,” என்றார் மெதுவாக. “அதுல ஒரு தூண். தூண்ல ஒரு கல் யாளி. சிங்கம் மாதிரி இருக்கும், தும்பிக்கையும் இருக்கும்.”

காக்கா பறந்துபோனது. பிள்ளை அதன் பின்னால் போகவில்லை.

“அந்த யாளி வாய்க்குள்ள ஒரு கல் உருண்டை. விரலை விட்டு உருட்டலாம். வெளியே எடுக்க முடியாது.”

தர்ஷிகா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“துப்பாதா?” சோற்றுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

“முடியாது. பல்லு விடாது.”

“முழுங்காதா?”

“அதுவும் முடியாது.”

“பசிக்காதா?”

“பசிக்கும். முந்நூறு வருஷமாப் பசி.”

பிள்ளையின் கண் பெரிதானது. தொண்டை ஏறி இறங்கியது. முதல் வாய் உள்ளே போனது.

அருள்நம்பி தட்டுக்குக் குனிந்தார். அடுத்த வாயைப் பிசைந்தார்.

இந்த நாவலை வாங்க வேண்டும் என்று அவரைத் துடிக்க வைத்ததே இந்த யாளி வருகிற பக்கம்தான். தொடரில் அது இல்லை. வசனம் எழுத வந்த நறுமுகை, “அந்த உருண்டையை எடுத்துட்டா அது வெறும் மிருகம் சார்” என்றாள். “உருண்டை இருக்கட்டும், போர் எங்கம்மா?” என்று கேட்டது அவர்தான். அந்த வாரமே அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

“அப்புறம்?” பிள்ளை அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

“விளக்குக்கு எண்ணெய் ஊத்துற பொண்ணு ஒருத்தி இருந்தா. அவ யாளி வாய்க்குள்ள கையை விட்டா.”

“கடிக்காதா?”

“உருண்டை இருக்கே, எப்படிக் கடிக்கும்?”

பிள்ளை சிரித்தது. சிரித்த வாயில் முட்டை போனது.

“உருண்டையை ஒரு பக்கமாத் தள்ளினா. நடுவுல கொஞ்சூண்டு வழி கிடைச்சுது.”

போன் அடித்தது. வலது கை முழுக்கச் சாம்பார். இடது கையால் எடுத்தார். ஆபீஸ்.

“சார், நிறுத்துறோம்னே லெட்டர் அடிச்சிடட்டுமா?”

“கோட்டையைப் பிரிக்கச் சொல்லு. யாளிக்கு ஒரே ஒரு தூண் மட்டும் நிக்கட்டும். ஆசாரிங்க யாரையும் அனுப்பிடாதே.”

“சார்?”

அவர் வைத்துவிட்டார்.

தட்டில் கடைசி ஒரு வாய் இருந்தது. டீச்சர் முந்தானையில் கை துடைத்தபடி வந்து நின்றாள்.

“காலியாகப் போகுதே. பதில் சொல்லட்டுமா சார்?”

அருள்நம்பி தலையை ஆட்டி மறுத்தார்.

“அந்த அக்கா யாளிக்கு என்னா குடுத்தா?” என்று கேட்டாள் தர்ஷிகா.

அவர் நாவலின் அந்தப் பக்கத்தை நினைவில் தேடினார். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

பிள்ளை விடவில்லை. “என்னா குடுத்தா?”

போனில் இடது கட்டைவிரலால் ஒரு பெயரைத் தேடினார். இரண்டு வருஷமாகக் கூப்பிடாத பெயர். மணி ஐந்தாறு முறை அடித்தது.

“நறுமுகை, வச்சிடாதம்மா. நான் அருள்நம்பி.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

“அந்தப் பொண்ணு யாளிக்கு முதல்ல என்ன குடுத்தா?”

“அதைத்தான் வெட்டிட்டீங்களே சார்.”

“வெட்டினேன்மா. இங்க ஒரு பிள்ளை வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. போனை அவ காதுல வைக்கிறேன். நீயே சொல்லிடும்மா.”