ஏழாவது இடத்துப் பொறி

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள், காட்டிலும் படிப்பு உண்டு. அங்கே படிக்கும் குட்டிகள் ஆண்டுக்கு ஒருமுறை தானாக நகரும் பொறிகளைச் செய்து போட்டிக்குக் கொண்டுவரும். நீங்கள் ரோபோ என்கிறீர்களே, அதுமாதிரிதான். மின்சாரம் இல்லாத காடு அது. ஆகையால் மூங்கிலில் உடம்பு செய்து, நன்றாக முறுக்கிய கொடியை உள்ளே வைத்துக் கட்டுவார்கள். முறுக்கு அவிழ அவிழப் பொறி தானாக ஓடும்.

இது விளையாட்டுக்கு நடக்கிற போட்டி இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறைப் பிளவு இருந்தது. குறுகலானது, பாசி பிடித்து வழுக்குவது. பெரிய விலங்குகளால் அதற்குள் நுழைய முடியாது. சின்ன விலங்குகள் இறங்கினால் திரும்ப ஏற முடியாது. மழை பெய்தால் அடியிலிருந்து தண்ணீர் மளமளவென்று ஏறும். ஆண்டுதோறும் ஏதாவது ஒரு குட்டி அதில் தவறி விழுந்துவிடும்.

அந்தக் குட்டியைத் தூக்கிவரத்தான் பொறி. போட்டியில் முதலிடம் பெற்ற பொறி அந்த மழைக்காலம் முழுவதும் பிளவின் விளிம்பில் காவல் நிற்கும். மற்றவற்றைப் பிரித்து, மூங்கிலைப் பள்ளிக்கூடத்துக் கூரைக்குப் போட்டுவிடுவார்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுகுமே.

முதலிடம் யாருக்கு என்பதை அதுவரை ஒரு கல்தான் முடிவு செய்தது. பிளவுக்குள் கல்லைப் போடுவார்கள். அதை மேலே கொண்டுவரும் பொறிக்கு முதலிடம். காலையில் தொடங்கினால் மாலைவரை இழுக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதியிலேயே கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

அந்த ஆண்டு மைனா ஒரு யோசனையோடு வந்தது. மைனாவுக்கு வாய் ஓயாது என்பது உங்களுக்கே தெரியும்.

"சார், கல்லு தூக்குறதை யாரு சார் நாள் பூரா உக்காந்து பாப்பாங்க? பார்க்க வர்றவங்களே முடிவு பண்ணட்டும். ஆளுக்கு ஒரு புங்கங்கொட்டை. எந்தப் பொறி பிடிச்சிருக்கோ அதுக்கு முன்னாடி போடட்டும். அப்புறம் பாருங்க, கூட்டம் எப்படி வருதுன்னு."

அது சார் என்று கூப்பிட்டது தலைமையாசிரியர் காட்டெருமையை. காட்டெருமைக்கு விதி என்றால் உயிர். அதை எழுதிப் பலகையில் மாட்டிவிட்டால் போதும், பிறகு தானே சொன்னாலும் மாற்றாது. கூட்டம் வரும் என்றதும் அதற்கு ஆசை வந்துவிட்டது. 'ஆளுக்கு ஒரு கொட்டை. அதிகக் கொட்டைக்கு முதலிடம்' என்று புது விதியை எழுதி மாட்டியது.

அலுங்கு அதை இரண்டு தடவை படித்தது. அலுங்கைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பெல்லாம் செதில், நீளமான மூக்கு. எடுத்த வேலையை முடிக்காமல் விடாது. பேச்சு மட்டும் அதற்குச் சரளமாக வராது.

"சார், இது சரியா வருமா?" என்று கேட்டது.

"ஏன் வராது? யானைக்கும் ஒரு கொட்டை, எலிக்கும் ஒரு கொட்டை. இதைவிட நியாயம் எங்கே இருக்கு?"

"கொட்டை போடுறது நியாயம்தான் சார். ஆனா பொறி தூக்குமா தூக்காதான்னு போடுறவங்களுக்கு எப்படித் தெரியும்? தூக்கிப் பார்க்கவே இல்லையே."

"அப்போ காட்டுல இருக்கிறவங்களுக்கெல்லாம் அறிவு இல்லைன்னு சொல்றியா?"

"ஐயோ, இல்ல சார்."

மைனா குறுக்கே வந்தது. "தோத்துடுவோம்னு தெரிஞ்சா எல்லாருக்கும் நியாயம் ஞாபகம் வரும் சார்."

வகுப்பே சிரித்தது. அலுங்கின் முகம் சுண்டிப்போனது. அதற்கு ஒரு நல்ல பதில் இருந்தது. ஆனால் அது மறுநாள் காலையில்தான் தோன்றியது, அப்போது கேட்க அங்கே யாரும் இல்லை.

போட்டி நாள் வந்தது. மேற்கே மலைமேல் கருமேகம் திரண்டிருந்தது. அப்படியும் கூட்டம் அலைமோதியது. மைனா சொன்னது பொய்யில்லை.

ஏழு பொறிகள் வரிசையாக நின்றன. அவற்றில் மயில் செய்தது மின்னியது. உச்சியில் தோகை இறகுகளை வட்டமாகச் செருகியிருந்தது. முறுக்கை விட்டால் பொறி நாலு அடி முன்னே வரும், நின்று இறகை விரிக்கும், சுற்றும். மயிலுக்கு அழகாக எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு ஆசை. வரிசையின் ஓரத்தில் நின்ற அலுங்கின் பொறியோ கவிழ்த்துப் போட்ட கூடை மாதிரி இருந்தது. முன்னால் இரண்டு மூங்கில் தாடைகள். மேலெல்லாம் சேறு. நகரும்போது கிறீச்சென்று சத்தம் வேறு.

மான் ஒன்று தன் குட்டியோடு வந்தது. மயிலின் பொறி சுற்றியதைப் பார்த்துக் குட்டி துள்ளித் துள்ளிச் சிரித்தது. குட்டி சிரிக்கிற மகிழ்ச்சியில் மானும் தன் கொட்டையை அங்கேயே போட்டது.

"அக்கா, என்னோடதையும் ஒரு நிமிஷம் பாருங்க. கல்லு தூக்கிக் காட்டுறேன்" என்று அலுங்கு கூப்பிட்டது.

"அடுத்த வருஷம் பார்க்கிறேன் தம்பி. குட்டி ஓடுது பாரு" என்று மான் நகர்ந்துவிட்டது.

எண்ணி முடித்தபோது மயிலின் பொறிக்கு நானூற்றுப் பன்னிரண்டு கொட்டை. அலுங்கின் பொறிக்கு மூன்று. ஏழாவது இடம்.

மயிலின் பொறியைப் பிளவின் விளிம்புக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். காட்டுப்பன்றிகள் மற்ற பொறிகளைப் பிரிக்கத் தொடங்கின. இரண்டாம் இடத்திலிருந்து வரிசையாகப் பிரித்தன. கீரியின் பொறி, முள்ளம்பன்றியின் பொறி என்று ஐந்தும் மூங்கில் கட்டுகளாகிக் கூரைமேல் ஏறின. அதற்குள் தூறல் விழத் தொடங்கிவிட்டது.

கடைசியாக அலுங்கின் பொறிக்கு வந்தன. ஒரு பன்றி தாடை ஒன்றைக் கழற்றி எறிந்தது. இன்னொன்று உள்ளே இருந்த கொடியைக் கடித்து இரண்டு துண்டாக்கியது. மூன்று மாத உழைப்பு. அலுங்குக்கு அழுகை வந்தது. அது அழவும் செய்தது.

அப்போதுதான் மானின் அலறல் கேட்டது.

எல்லோரும் பிளவை நோக்கி ஓடினார்கள். விளிம்பில் விளையாடிய குட்டி பாசியில் வழுக்கி உள்ளே விழுந்திருந்தது. ஆழத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைத் திட்டின்மேல் கிடந்தது. திட்டுக்குக் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மழை வலுத்தது.

"முதலிடப் பொறியை இறக்குங்க" என்று காட்டெருமை கட்டளையிட்டது.

"வழி விடுங்க, வழி விடுங்க, நம்ம பொறி போகுது" என்று மைனாவும் அதன் கூட்டமும் கத்தின.

மயில் கொடியை முறுக்கியது. பொறி பிளவுக்குள் இறங்கப்போகும் நேரத்தில் மான் ஓடிவந்து குறுக்கே நின்றது.

"இரு. இது என் குட்டியைத் தூக்குமா?"

மயில் தலையைக் குனிந்துகொண்டது. "தெரியல அக்கா."

"தெரியலையா? இதுவரைக்கும் என்னத்தைத் தூக்கியிருக்கு?"

"எதையும் தூக்கல. யாரும் கேக்கல அக்கா."

மான் கூட்டத்துக்குள் அலுங்கைத் தேடியது. அலுங்கு பின்னால், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது.

"தம்பி, உன்னோடது?"

"நாப்பத்தோரு தடவை கல்லு தூக்கியிருக்கு அக்கா. அதுல பதினேழு தடவை கீழ போட்டுடுச்சு."

"பதினேழு தடவையா?"

"ஆமாக்கா. கடைசிப் பத்துத் தடவை போடல."

"அதை இறக்கு" என்றது மான்.

காட்டெருமை முன்னால் வந்தது. "அதெப்படி? முதலிடம் பெற்ற பொறிதான் இறங்கணும். விதி அப்படி."

"ரெண்டையும் இறக்கலாமே" என்று யாரோ சொன்னார்கள்.

"முடியாது" என்றது அலுங்கு. "திட்டுல ஒண்ணு நிக்கத்தான் இடம். ஒண்ணு போய் மாட்டிக்கிச்சுன்னா அடுத்தது இறங்கவே முடியாது."

மைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானூத்திப் பன்னிரண்டு பேரு சொன்னது தப்பு, மூணு பேரு சொன்னது சரியா?"

"அந்த நானூத்திப் பன்னிரண்டுல நானும் ஒருத்தி" என்றது மான். "குட்டி சிரிச்சுதுன்னு போட்டேன். அது விழும்னு நினைச்சுப் போடல. நீங்க சொல்லுங்க. உங்க பிள்ளை இப்போ கீழ கிடந்தா எதை இறக்குவீங்க? ஒருத்தராவது சொல்லுங்க."

கீழே குட்டி ஒருமுறை கத்தியது. தண்ணீர் திட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

முதலில் அசைந்தது காட்டுப்பன்றிதான். தான் கழற்றி எறிந்த தாடையைத் தேடி எடுத்து வந்து அலுங்கின் முன்னால் வைத்தது. அதைப் பார்த்ததும் மற்றப் பன்றிகள் ஓடிப்போய்ப் பொறியையே தூக்கிவந்தன.

தாடையைக் கட்டியாயிற்று. கொடி? அதுதான் இரண்டு துண்டாகக் கிடந்ததே. புதிதாகக் காட்டுக்குள் போய் வெட்டிவர நேரம் இல்லை.

மயில் பேசாமல் தன் பொறியைக் கவிழ்த்தது. இறகெல்லாம் சேற்றில் புரண்டது. உள்ளே இருந்த கொடியை உருவி அலுங்கிடம் நீட்டியது.

"இது என் கொடியைவிடக் குட்டை" என்றது அலுங்கு. "இறங்க முறுக்கு வேணும், பிடிக்க வேணும், ஏறவும் வேணும். பத்துமான்னு தெரியல."

"போட்டுப் பார்ரா" என்றது மயில்.

மேலே ஒரு மரவேரில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு அலுங்கின் பொறி கிறீச்சிட்டபடி இறங்கியது. காலையில் அந்தச் சத்தத்துக்குச் சிரித்தவர்கள் இப்போது அது நின்றுவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பொறி திட்டில் போய் நின்றது. தாடைகள் திறந்து, குட்டியின் வயிற்றைச் சுற்றி மூடின. தூக்கின. ஒரு சாண் தூக்கியதும் ஈர உடம்பு வழுக்கிக் குட்டி முன்னங்கால் மடங்கத் தொப்பென்று மறுபடி விழுந்தது.

மான் கண்ணை மூடிக்கொண்டது.

"இன்னும் ஒரு தடவை பிடிக்கும்" என்றது அலுங்கு. "அதுக்கு மேல முறுக்கு இல்ல."

தாடைகள் மறுபடி திறந்தன. குட்டியின் கால்கள் தண்ணீரில் இருந்தன. தாடைகள் மூடின. இந்தத் தடவை நழுவவில்லை. பொறி கயிற்றைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கியது. பாதி வந்தது. முக்கால் வந்தது. அது விட்டுவந்த திட்டு தண்ணீருக்குள் போய்விட்டது.

விளிம்புக்கு ஒரு முழம் கீழே முறுக்கு தீர்ந்தது. பொறி நின்றுவிட்டது.

எந்த விதியிலும் இல்லாத ஒன்றைக் காட்டெருமை அப்போது செய்தது. சேற்றில் முழங்காலிட்டுத் தலையைப் பிளவுக்குள் நுழைத்தது. கொம்பைப் பொறியில் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தது. பொறியும் குட்டியும் மேலே வந்து விழுந்தன. மான் குட்டியை நக்கியது. நக்கிக்கொண்டே அழுதது. குட்டியின் முன்னங்கால் ஒடிந்திருந்தது. உயிர் இருந்தது.

மறுநாள் காலையில் மைனாக் கூட்டம் எங்கெங்கோ பொறுக்கிய புங்கங்கொட்டைகளை அலுங்கின் பொறி முன்னால் மலைபோலக் குவித்தது. "அலுங்குக்குத்தான் முதலிடம்" என்று ஒரே இரைச்சல். நேற்று மயிலுக்குக் கத்திய அதே தொண்டைகள். காட்டெருமையும் பலகையில் பெயரை மாற்றி எழுதியது.

அலுங்கு அங்கே இல்லை. பிளவின் விளிம்பில் உட்கார்ந்து, பொறியிலிருந்து கழற்றிய தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்றே?" என்று காட்டெருமை கேட்டது. "முதலிடம் குடுத்தாச்சு. வந்து வாங்கிக்கோ."

"நேத்து முதல் தடவை நழுவிடுச்சு சார். ஈரத்துல பிடி நிக்கல. அதை நான் சோதிக்கவே இல்ல."

"அதான் குட்டியைக் காப்பாத்திடுச்சே. இதைவிட நல்ல பொறி எது இருக்கு?"

அலுங்கு கூரையைக் காட்டியது.

"முள்ளம்பன்றி செஞ்சது இருந்திருக்கலாம் சார். கீரி செஞ்சது நழுவாமலே தூக்கியிருக்கலாம். குட்டிக்குக் காலு ஒடியாம இருந்திருக்கலாம். அஞ்சையும் பிரிச்சுப் போட்டுட்டோம். இனிமே எப்படி சார் தெரியும்?"

காட்டெருமை அண்ணாந்து கூரையைப் பார்த்தது.

நீதி: பலருக்குப் பிடித்துவிட்டது என்பதால் ஒன்று வேலைக்கு ஆகும் என்று முடிவுகட்டக் கூடாது, செய்துகாட்டச் சொல்லிப் பார்த்த பிறகே எது முதல், எது கடைசி என்று சொல்ல வேண்டும்.