பதினொரு வராகன் வீடு

ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில், பேர் சொன்னால் இப்போது யாருக்கும் தெரியாத ஒரு நாட்டில், கோட்டையின் கிழக்கு வாசலுக்கு வெளியே இருந்த ஒரு பழைய ஓட்டு வீட்டில், ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், தையல்நாயகி தன் கணவனுக்குப் பழையது போட்டாள். தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல்.

"புளி தூக்கலா இருக்கே," என்றார் கூத்தபிரான்.

"அப்ப நாளைக்கு நீங்களே அரைங்க."

"அரைச்சாப் போச்சு."

அவர் கை கழுவிக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினார். துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்து, எடுத்துக்கொண்டு, மறுபடியும் போனார். அவ்வளவுதான். படித்துறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மிச்சத் துவையலை அன்றைக்கு யார் தின்றார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

கூத்தபிரான் கிழக்கு வாசலில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தவர். அரண்மனையைப் பற்றி அரண்மனைக்குப் போன புகார்களில் பாதி அவர் கையெழுத்து. அவர் போன பிறகு தையல்நாயகியே எழுதினாள். அவளுக்கு எழுத்து நன்றாக வரும். அவரைவிடச் சுருக்கமாகவும் திட்டுவாள்.

சித்திரை பிறந்தது. ராஜா யானைமேல் கிழக்கு வாசல் வழியாக வந்தார். சரியாக அவள் வீட்டு முன்னால் யானை நின்றது. யானைக்கு அங்கே ஒரு காரியம் இருந்தது. அது ராஜகாரியம் அல்ல. அது முடியும்வரை ராஜாவுக்கு நல்ல காற்று அடித்தது.

"ஆகா! இந்தக் காற்றில் உட்கார்ந்து மாம்பழம் தின்றால் எப்படி இருக்கும்!" என்றார் ராஜா.

"ரொம்ப நல்லா இருக்குமுங்க," என்றான் பாகன். அவன் வேறு என்ன சொல்வான்?

அன்று மாலையே முடிவாகிவிட்டது. அந்த வீடு இருக்கிற இடத்தில் ராஜா மாம்பழம் தின்பதற்கு ஒரு மண்டபம். ஆனால் ராஜா நல்லவர் என்று பேர் வாங்கியவர். பிடுங்கமாட்டார்.

"நியாய விலை கொடுத்தே வாங்குவோம்," என்றார். "போய் மதிப்பிட்டு வாருங்கள்."

மதிப்பிடுவது மந்திரி வல்லபராயரின் வேலை. அவர் தம்மோடு அரண்மனைச் சோதிடர் கேதுநாதரை அழைத்துக்கொண்டு வந்தார். பின்னால், அழைக்காமலே, ஒப்பிலி வந்தார். சபையில் ராஜாவைச் சிரிக்க வைப்பது ஒப்பிலியின் உத்தியோகம். ராஜா எத்தனை முறை சிரித்தாரோ அத்தனை முறை வல்லபராயருக்கு வயிறு எரிந்திருக்கிறது.

தையல்நாயகி கதவைத் திறந்து விலகி நின்றாள். வல்லபராயர் கைத்தடியால் உத்தரத்தை ஒரு குத்துக் குத்தினார். கொஞ்சம் தூசி விழுந்தது.

"இது உத்தரமா, கரையானுக்குக் கட்டிய சத்திரமா?"

"கரையான் இல்லைங்க. நீங்க குத்தினதுல விழுந்த ஒட்டடை," என்றாள் தையல்நாயகி.

"வீட்டுக்கு வயது?"

"அறுபதுக்கு மேல."

"கிழம்," என்று ஓலையில் எழுதிக்கொண்டார் வல்லபராயர். அவருக்கு அறுபத்திரண்டு. "ஓடு பழசு. தரை குளிர்ச்சி, ஆகவே ஈரம். வெளிச்சம் அதிகம், ஆகவே வெயில். கோட்டைக்கு வெளியே, ஆகவே திருட்டு பயம்."

"இதுவரைக்கும் ஒரு திருடனும் வரலிங்களே," என்றாள் அவள், மூன்று பேரையும் பார்த்து.

ஒப்பிலி கூரையைப் பார்த்துக்கொண்டு இருமினார்.

வல்லபராயர் தொடர்ந்தார். "பக்கத்தில் விற்ற இடங்களையும் பார்க்க வேண்டும். போன வருஷம் இதே தெருக்கோடியில் ஒன்று ஒன்பது வராகனுக்குப் போயிருக்கிறது."

"அது ஆட்டுக்கொட்டகைங்க."

"இது அதைவிடச் சற்றுப் பெரிது. எழுதிக்கொள்கிறேன்."

சோதிடர் கேதுநாதர் இப்போது தொண்டையைக் கனைத்தார். "இந்த வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்தது அல்லவா? என்ன நட்சத்திரம்?"

தையல்நாயகி கீழே விழுந்த ஒட்டடையைப் பெருக்க ஆரம்பித்தாள்.

"அவிட்டம் என்று கேள்விப்பட்டேன்," என்றார் சோதிடர். "அவிட்டத்தில் போனால் ஆறு மாதம் அடைப்பு. உயிர் போன வீட்டைப் பூட்டி வைக்க வேண்டும். இதை எவன் வாங்குவான்?"

"அவர் போனது குளத்தங்கரையில."

"கொண்டுவந்து கிடத்தியது இங்கேதானே? அடைப்பு அடைப்புத்தான்."

வல்லபராயர் அதற்கும் கழித்தார். கழித்துக் கழித்து, கடைசியில் பதினொரு வராகன் நின்றது. அந்தக் காலத்தில் பதினொரு வராகனுக்கு நல்ல கறவைமாடு ஒன்று வாங்கலாம்; கன்று வேண்டுமென்றால் மேலே போட்டுக் கொடுக்க வேண்டும்.

எல்லோரும் கிளம்பும்போது ஒப்பிலி மட்டும் வாசலில் நின்றார். "நாளைக்குச் சபைக்கு வரச் சொல்லுவாங்க. வந்துருங்கம்மா."

"வந்து என்ன ஆகப்போவுது?"

"தெரியல. ஆனா சாப்பிட்டுட்டு வாங்க. நேரமாகும்."

இவர் ஏதோ செய்வார் என்று ஊர் பேசிக்கொள்ளும். இதுதான் அவர் செய்கிற லட்சணமா என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் சபை கூடியது. ராஜா விலையைக் கேட்டார். வல்லபராயர் ஓலையை வாசித்தார், ஆட்டுக்கொட்டகை உட்பட.

"பதினொண்ணா?" என்றாள் தையல்நாயகி. "வாசக்கதவைத் தனியா வித்தாலே அதுக்கு மேல போகுமே."

ராஜாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. நல்லவர் என்ற பேரும் வேண்டும், மாம்பழமும் வேண்டும். அவர் ஒப்பிலியைத் திரும்பிப் பார்த்தார். வல்லபராயர் அந்தப் பார்வைக்காகத்தான் காத்திருந்தார்.

"மன்னா! ஒப்பிலியார் ஏழைகளின் உற்ற நண்பர். நியாய விலையை அவரே சொல்லட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த விலையை நானும் ஒப்ப வேண்டும், இந்த அம்மாளும் ஒப்ப வேண்டும். பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால், அவருடைய மீசையில் பாதியை எடுத்துவிடலாம்."

வல்லபராயர் பதினொன்றுக்கு மேல் ஒப்பமாட்டார். அவள் பதினொன்றுக்கு ஒப்பமாட்டாள். சபையில் இருந்த தூண்களுக்குக்கூட அது புரிந்தது. ஆனால் ராஜா பாதி மீசையை இதுவரை பார்த்ததில்லை.

"அப்படியே ஆகட்டும்!" என்றார்.

ஒப்பிலி மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். "உத்தரவு மன்னா. முதலில் வல்லபராயர் சொன்ன பதினொன்றுக்கு அரண்மனை முத்திரை போடச் சொல்லுங்கள்."

சபை சலசலத்தது. வல்லபராயருக்கே இது எதிர்பாராத இனிப்பு. முத்திரை விழுந்தது.

"முத்திரை விலை பற்றி ஒரு சட்டம் உண்டே, மன்னா. எனக்கு மறந்துவிட்டது."

மறந்திருக்க முடியாது. ராஜாவுக்குப் பிடித்த சட்டம் அது. மாதம் இருமுறையாவது சொல்லிக் காட்டுவார். "என் பாட்டனார் போட்டது! காலையில் உப்பளத்தானிடம் உப்பை மலிவாக வாங்கி, மத்தியானம் அவன் சம்சாரத்துக்கே இரட்டை விலைக்கு விற்றார்கள் வியாபாரிகள். அதனால், முத்திரை விழுந்த விலை பொழுது சாயும்வரை மாறாது. வாங்கினாலும் அதுதான், விற்றாலும் அதுதான்; விற்றவரே திருப்பிக் கேட்டால் மறுக்கவும் கூடாது. வியாபாரி ஆனாலும் வேந்தன் ஆனாலும் அதுதான்!"

"ஞாபகம் வந்துவிட்டது. இனி பணத்தைக் கொடுத்துவிடலாம்."

கணக்கர் வந்து பதினொரு வராகனைத் தையல்நாயகியின் கையில் வைத்தார். வீட்டு ஓலை அரண்மனைத் தட்டுக்குப் போனது. கூத்தபிரான் துண்டு எடுக்கத் திரும்பி வந்த வாசல், இனி மாம்பழக் கொட்டை துப்புகிற இடம். ஒப்பிலியைப் பார்த்தாள். உன் மீசைக்காக என் வீட்டை விற்றுவிட்டாயே பாவி என்று வாய்வரை வந்தது.

ஒப்பிலி அருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "கையை மூடிடாதீங்கம்மா. திறந்தே வச்சுக்குங்க."

பிறகு சபைக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டார்: "அம்மா, இப்போது உங்களுக்குக் குடியிருக்க வீடு இருக்கிறதா?"

"இல்ல."

"ஒன்று வாங்க வேண்டும் அல்லவா?"

"வேணும்தான்."

"கையில் எவ்வளவு இருக்கிறது?"

"கண்ணு தெரியலியா? பதினொண்ணு."

"மன்னா! அரண்மனை வசம் ஒரு வீடு இருக்கிறது. கிழக்கு வாசலுக்கு வெளியே. விலை பதினொன்று, முத்திரை ஈரம்கூடக் காயவில்லை. இந்த அம்மாள் வாங்க வந்திருக்கிறார்."

வல்லபராயர் ஆசனத்திலிருந்து எழுந்தார்; மேலங்கி ஆசனத்திலேயே மாட்டிக்கொண்டது.

"கூடாது! அரண்மனைச் சொத்தைப் பதினொன்றுக்கு விற்பதா? மன்னா, அந்த உத்தரம் அறுபது வருஷத்துத் தேக்கு! இப்போது அப்படிப்பட்ட மரம் கிடைக்குமா?"

"கரையான்?" என்றார் ஒப்பிலி.

"ஒரு கரையானும் இல்லை. நானே குத்திப் பார்த்தேன். இரும்பு! தரை கோடையிலும் குளிரும். வீடு முழுக்க வெளிச்சம். கோட்டை இரைச்சல் கிடையாது. குளம் கூப்பிடு தூரம்!"

"வயது?"

"முதிர்ச்சி, ஐயா, முதிர்ச்சி!"

சோதிடர் கேதுநாதரும் எழுந்தார். அரண்மனைக்கு நஷ்டம் வந்தால் முதலில் கேட்கப்படுவது சோதிடரைத்தான். "மன்னா, நாழிகைக் கணக்கை மறுபடி பார்த்தேன். அன்று காலையில் இன்னும் திருவோணம் முடியவில்லை. ஆகவே அவர் போனது திருவோணத்தில். அடைப்பே கிடையாது. சுத்தமான வீடு."

"என் புருஷனை இன்னும் எத்தனை நட்சத்திரத்துல சாகடிப்பீங்க, சாமி?" என்றாள் தையல்நாயகி.

அவள் உரக்கச் சொல்லவில்லை. ஆனால் சபையில் விசிறி வீசியவன் கையை நிறுத்திவிட்டான். கேதுநாதர் உட்கார்ந்தார்.

வல்லபராயருக்கு மட்டும் நிற்கத் தெரியவில்லை. "நானூறு பெறும் மன்னா! கண்ணை மூடிக்கொண்டு நானூறு! நான் இருபது வருஷமாக மதிப்பிடுகிறேன். என் பேர்மேல் ஆணை, நானூறுக்கு ஒரு காசு குறையாது!"

"கணக்கரே, எழுதிக்கொண்டீர்களா?" என்றார் ஒப்பிலி.

"எழுதிக்கொண்டேன்."

"மன்னா, நியாய விலை நானூறு. வல்லபராயர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார், ஆணையோடு. மீதி இந்த அம்மாள்தான்."

ராஜா முன்னால் சாய்ந்தார். அவருக்கு மாம்பழ வாசனை வந்துவிட்டது. "சொல்லம்மா. நானூறு நியாயமான விலைதானா?"

தையல்நாயகி யோசித்தாள். நானூறு வராகன் என்றால் கோட்டைக்கு உள்ளேயே இரண்டு மாடி வீடு. கிணறு, தோட்டம், வேலைக்கு ஆள். அவள் இல்லை என்றால் ஒப்பிலிக்குப் பாதி மீசை போகும். அவர் நெற்றியில் வியர்வை பொடித்திருந்ததை அவள் பார்த்தாள். விகடம் செய்கிறவர்களுக்கும் பயம் வரும்போல.

"நியாயந்தாங்க," என்றாள். "விலைக்கு நான் ஒப்புறேன்."

ஒப்பிலி மூச்சு விட்டார்.

"அப்படியானால் நானூறைக் கொடுங்கள்!" என்று கையைத் தட்டினார் ராஜா.

"எதுக்குங்க?"

"எதற்கா? வீட்டுக்கு!"

"விலை என்னன்னு கேட்டீங்க, சொன்னேன். விக்கிறேன்னு எப்பச் சொன்னேன்?" தையல்நாயகி திரும்பி ஒவ்வொருவராகப் பார்த்தாள். "நேத்து உத்தரத்தைக் கேட்டீங்க. கூரை ஓட்டைக் கேட்டீங்க. வயசைக் கேட்டீங்க, நட்சத்திரத்தைக் கேட்டீங்க. ஆட்டுக்கொட்டகையக்கூட விசாரிச்சீங்க. 'ஏம்மா, இதை விக்கிறியா'ன்னு உங்கள்ல ஒருத்தர் கேட்டிருப்பீங்களா? இந்தாங்க பதினொண்ணு. பொழுது இன்னும் சாயல. என் வீட்டுக்கு எழுதின ஓலையக் கொடுங்க."

அவள் பதினொரு வராகனையும் தட்டில் கொட்டினாள். ஒன்று உருண்டு வல்லபராயரின் காலடியில் போய் விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ராஜா பாட்டனாரின் சட்டத்தை நினைத்தார். முத்திரையைப் பார்த்தார். வல்லபராயரின் முதுகைப் பார்த்தார். முதலில் மூக்கில் ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. கடைசியில் கிரீடம் ஒரு பக்கம் சரியும் அளவுக்குச் சிரித்தார். ராஜா சிரித்துவிட்டதால் சபையும் தைரியமாகச் சிரித்தது.

"ஒப்பிலி! ஒரு வீட்டைக் காலையில் பதினொன்றுக்கு வாங்கி, மத்தியானம் பதினொன்றுக்கே விற்று, நடுவில் என்னை நானூறுக்கு ஆசைப்பட வைத்தாய்! இந்தா, பட்டுச் சால்வை. அதோடு ஒரு கூடை மாம்பழம். எனக்கு இனி தின்ன மண்டபம் இல்லையே!"

"வல்லபராயரின் தோட்டத்தில் நல்ல காற்று வருமாம், மன்னா."

"அப்படியா! அதை நியாய விலைக்கு வாங்குவோம். வல்லபராயரே, நீரே மதிப்பிடும்."

"வாங்குகிறவருக்காகவா, விற்கிறவருக்காகவா என்று முதலில் சொல்லிவிடுங்கள், மன்னா," என்றார் ஒப்பிலி. "பாவம், அவருக்கு அது தெரிந்தால்தான் கணக்கு வரும்."

நாவிதரை வரவழைத்தாகிவிட்டது, அவரை வெறும் கையோடு அனுப்புவது மரியாதை இல்லை என்று ராஜா சொன்னார். வல்லபராயர் ஒரு மாதம் பாதி மீசையோடு சபைக்கு வந்தார். எந்தப் பாதி என்பதை அவரே மதிப்பிட்டுக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார்கள்.

ஒப்பிலி கிழக்கு வாசல்வரை கூடவே வந்து, மாம்பழக் கூடையைத் தையல்நாயகியிடம் நீட்டினார்.

"பாதி போதும்," என்றாள் அவள். "தனியாத்தானே இருக்கேன்."

முந்தானையில் ஆறு பழங்களைக் கட்டிக்கொண்டு நடந்தாள். கிழக்கு வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே முப்பத்தொரு பனை இருப்பதாகக் கூத்தபிரான் சொல்லுவார். முப்பதுதான் என்று அவள் சொல்லுவாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இதில் விட்டுக்கொடுத்ததில்லை. ஒருவரும் எண்ணிப் பார்த்ததும் இல்லை. அன்று அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள்.

முப்பத்தொன்று.