ஈச்சங்கிணத்து ரயிலடிப் பெருமை

ஈச்சங்கிணத்து ரயிலடியில இப்ப ரயில் நிக்காது. ஆடுதான் நிக்கும். டிக்கெட் குடுக்கிற சன்னல்ல ஒரு கெடா தலைய நீட்டிக்கிட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் கணக்கா அசை போட்டுக்கிட்டு நிக்கும். சின்னத் தண்டவாளத்தப் பிடுங்கிட்டு அகலத் தண்டவாளம் போட்டப்போ, "இந்த ஊருக்கு ஸ்டேஷன் ஒரு கேடா"ன்னு பூட்டிட்டுப் போனவங்கதான். அதுக்கப்பறம் வண்டியெல்லாம் பேச்சுவார்த்த இல்லாத சம்பந்தி மாதிரி, ஊரப் பாத்து ஒரு ஊது ஊதிட்டு நிக்காம ஓடிருது.

அன்னைக்கு ஆட்டையெல்லாம் பத்திவிட்டுட்டு ஊரே பிளாட்பாரத்துல கூடிக் கெடந்துச்சு. ரயில்வே ஆபீசர் ஒருத்தரு ஜீப்புல வந்து எறங்கியிருந்தாரு. மறுபடியும் இங்க வண்டிய நிப்பாட்டலாமா வேண்டாமான்னு பாத்து எழுதிப் போடணும், அதான் அவரு சோலி. ரிட்டயர் ஆகப்போற வயசு. வாயத் தொறக்காம நாற்காலியில உக்காந்திருந்தாரு.

தங்கபுஷ்பம் அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. அவ கொய்யாப்பழ யாவாரி. ரயில் நின்ன காலத்துல கூடையோட ஏறுனா, நெல்லையில பழம் பழமா எறங்கும். இப்ப மினிபஸ் தலையில கெட்டிக் கொண்டுபோனா, பாதிக் கூடை கொழகொழன்னு கூழாத்தான் எறங்குது. ஆபீசர் தலைய ஆட்டிட்டாருன்னா பொழப்பு பொழச்சிரும். இல்லேன்னா சாவுற வரைக்கும் கூழுதான்.

அதுல மண்ணள்ளிப் போடுறதுக்குன்னே முன்னால வந்து நின்னான் அவ கொழுந்தன் கோயில்பிச்சை. "ஊருக்காக நான்தான் பேசுவேன். ஸ்டேஷன் சரித்திரம் என்னைய விட்டா எவனுக்குத் தெரியும்?"னுட்டான். ஊர்ல ஒருத்தரும் மறுத்துப் பேசல. மறுத்தா அதுக்குத் தனியா ஒரு சரித்திரம் சொல்லுவான்.

"சார்," அப்படின்னு தொண்டையச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சான். "இந்த ஸ்டேஷன் மணி இருக்கே மணி, தண்டவாளத் துண்டுதான், ஆனா அதுல ஒரு தட்டு தட்டுனா ணங்ங்ங்ங்னு..." பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரு மூச்சு முழுசும் அந்தச் சத்தத்தையே இழுத்தான். "தூத்துக்குடி துறைமுகத்துல கப்பலு கெளம்பிரும் சார்! கப்பக்காரன் நம்ம மணியக் கேட்டுத்தான் நங்கூரத்தையே எடுப்பான்."

டெய்லர் இசக்கிபாண்டி தூண்ல சாஞ்சு நின்னவன், "அண்ணாச்சி, அந்த மணி பக்கத்துத் தெருவுல இருந்த எங்க அம்மைக்கே கேக்காதே. மணி கேக்காம எத்தன வண்டிய விட்டிருக்கா!"ன்னான்.

"ஒங்க அம்மைக்குக் காது மந்தம். கப்பலுக்கு அப்படியா?"

ஆபீசரு சிரிக்கல. தங்கபுஷ்பம் மெதுவா பக்கத்துல வந்து, "கொழுந்தனாரே, பழம் கொண்டுபோற கஷ்டத்தச் சொல்லும். பிள்ளைங்க காலேஜு போறதச் சொல்லும். கப்பலெல்லாம் எதுக்கு?"ன்னு பல்லுக்குள்ள சொன்னா.

"அதெல்லாம் எந்த ஊர்லயும் சொல்லுவான், மதினி. நம்ம ஊரு தனி." திரும்பிக்கிட்டான். "சார், அந்தா அந்த எடத்துல சிக்னல் கைகாட்டி மரம் நின்னுச்சு. என்னா ஒசரம்ங்கிய! மேகம் வந்து முட்டிக்கிட்டு நிக்கும். கை மேல இருந்தா மேகமும் நிக்கும். கை எறங்குச்சுன்னா சோன்னு மழை. வண்டி வருதோ இல்லையோ, கொளம் ரொம்பிரும்."

"அப்ப இப்ப ஏன் ஊரு இப்படிக் கருவாடாக் காயுது?"ன்னா தங்கபுஷ்பம். பொறுக்க முடியல அவளுக்கு.

"கைகாட்டியப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்கல்லா! நான் என்ன மதினி இம்புட்டு நேரமும் சொல்லிக்கிட்டு இருக்கேன்?"

இசக்கிபாண்டி வாயப் பொத்திக்கிட்டான். ஆபீசரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மறுபடி மாட்டுனாரு. ஆளு கவனிக்காருன்னு கோயில்பிச்சைக்கு ஒரே கும்மாளம். பிளாட்பாரத்த ரெண்டு கையாலயும் அளந்து காட்டுனான்.

"கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம் சார். பெட்டி பத்தாது, பெட்டி பத்தாதுன்னு கோத்துக்கிட்டே போனாங்க. கடசியில என்னாச்சு? எஞ்சினு திருச்செந்தூர்ல நிக்கி, கார்டு பெட்டி இங்க நிக்கி! ரயிலு நகரவே வேண்டாம். இங்க ஏறி உள்ளுக்குள்ளயே நடந்தா முருகன் கோயில் வாசல்ல எறங்கிரலாம். நடுவுல உக்காந்து சோத்துப் பொட்டலம் பிரிச்சுத் தின்னுட்டுப் போவோம்."

"நடந்துதான் போனீருன்னா ரயிலு எதுக்கு வே?"ன்னு கூட்டத்துல ஒருத்தன் கேட்டான்.

"நெழலுக்கு!"

சிரிப்பு அடங்க விடல. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டான். ரயிலு மூச்சு வாங்குறத நடிச்சுக் காட்டுனான். குப்பு... குப்பு... குஸ்ஸ்ஸ்ஸ். "ஒருநா எஞ்சினு இப்படி உக்காந்துட்டு சார். டிரைவர் தலையில கைய வச்சிட்டாரு. ஸ்டேஷன் மாஸ்டரு மூக்கால அழுதாரு, 'ண்ணா, கோயில்பிச்ச, ண்ணீதான் கதி'ன்னு. தோள்ல கெடந்த துண்ட எடுத்தேன். எஞ்சின் மூக்குல ஒரு முடிச்சு. இழுத்தேன் பாருங்க! இங்க பொறப்பட வேண்டிய நேரத்துக்கு முன்னாலயே வண்டி பாளையங்கோட்டைக்கு வந்து சேந்துட்டு. டிரைவர் கும்பிடுதாரு, 'ஐயா, கொஞ்சம் மெதுவாப் போங்க, எனக்குக் கிறுகிறுன்னு வருது'ன்னு. நெல்லையில நின்னது பிரேக்குனால இல்ல சார். எனக்கு வெத்தல வேண்டியிருந்துச்சு, அதான் நின்னேன்."

"போன வாரம் கெணத்துல தண்ணி எறைக்கச் சொன்னதுக்கு இடுப்புப் பிடிச்சிக்கிட்டுன்னு படுத்த ஆளு,"ன்னா தங்கபுஷ்பம்.

"அன்னைக்கு ரயில இழுத்த வலிதான் மதினி, இன்னும் தீரல."

அப்பத்தான் ஆபீசரு மொத தடவையா வாயத் தொறந்தாரு. மெதுவான குரலு. "ஐயா, இம்புட்டுக் கூட்டம்னு சொல்லுதீங்க. ஆனா இந்த ஸ்டேஷன்ல டிக்கெட்டே விக்கலன்னுதான பூட்டுனாங்க?"

கோயில்பிச்சை நெஞ்ச நிமித்திக்கிட்டான்.

"டிக்கெட்டா? எங்க ஊரு ஸ்டேஷன்ல நாங்க டிக்கெட் எடுக்கதா? கவுரவம் என்ன ஆகுறது சார்? எங்க தாத்தா எடுத்ததில்ல. எங்க அய்யா எடுத்ததில்ல. இந்த ஊர்ல எந்தக் குடும்பத்துலயும் எடுத்ததில்ல. மாப்பிள்ள வீட்டுக்காரங்க டிக்கெட் எடுத்து வந்தாங்கன்னு தெரிஞ்சு, இதுகூட ஏமாத்தத் தெரியாதவனுக்குப் பொண்ணு கெடையாதுன்னு திருப்பி அனுப்புன ஊரு சார் இது!"

காலையில இருந்து அவன் அவுத்துவிட்டதுல உண்மைன்னா அது ஒண்ணுதான். மாப்பிள்ளையத் திருப்பி அனுப்புனதும் உண்மை. அந்தப் பொண்ணோட சித்தப்பன் அங்கனதான் தலையக் குனிஞ்சு நின்னான். மணி, மேகம், துண்டுன்னு ஆயிரம் புளுகு புளுகுன பயலுக்கு, புளுக வேண்டிய எடத்துல பாத்து உண்மை வந்து தொலைச்சிட்டு.

தங்கபுஷ்பம் முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு முன்னால பாஞ்சா.

"சார்! அவரு சொல்லுறது அம்புட்டும் பொய்யி. பாத்தியள்லா, துண்டக் கெட்டி ரயில இழுத்த மூஞ்சியா இது? இதுவும் அதே மாதிரிதான். நாங்கல்லாம் டிக்கெட் எடுத்துத்தான் சார் போவோம். ஆளுக்கு ஒண்ணு எடுப்போம். கூடைக்கு ஒண்ணு எடுப்போம். கொய்யாப்பழத்துல புழு இருந்தா, அதுக்கு அரை டிக்கெட்டு எடுப்போம். ரயிலு வராத நாள்லயும் எடுத்து வீட்டுல வச்சிக்கிடுவோம், மனசு கேக்காது சார்!"

ஊரு அவளப் பாத்து வாயப் பொளந்துச்சு. கோயில்பிச்சைக்கு முகமே செத்துட்டு. "மதினி! ஒரு பெரிய மனுசன் முன்னால நின்னுக்கிட்டு இப்படியா புளுகுவிய? ஒரு நேர்மை வேண்டாமா?"

ஆபீசரு எந்திரிச்சாரு. சட்டையில ஒட்டியிருந்த தூசியத் தட்டுனாரு.

"அம்மா, சின்ன வயசுல இந்த லைன்ல டிக்கெட் செக்கரா இருந்தவன் நான். இந்த ஸ்டேஷன்ல நான் இந்தப் பக்கமா ஏறுனா, பெட்டியில இருக்க அம்புட்டு பேரும் அந்தப் பக்கமாக் குதிச்சு உடமுள்ளுக் காட்டுக்குள்ள ஓடிருவாங்க. ஒரு டிக்கெட்டக்கூட நான் கண்ணால பாத்ததில்ல. தலையில பழக்கூடையோட ஒரு பொம்பளப் பிள்ள குதிச்சுது. ஒரு பழம் கீழ விழல. அத மட்டும் இன்னைக்கு வரைக்கும் மறக்கல."

தங்கபுஷ்பம் முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டா.

"ஆனா ஒண்ணும்மா. இங்க கூட்டம் இருந்துச்சுன்னு இந்த ரயில்வேயில தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். எத்தன பேரு குதிச்சான்னு பாத்தவன்லா! ஏற ஆளு இருக்கு, வண்டிய நிப்பாட்டலாம்னு எழுதிப் போடுதேன். இந்தத் தடவையாவது டிக்கெட் எடுங்க. எடுக்கலேன்னா திரும்பப் பூட்டிருவாங்க, அப்ப எழுத நான் இருக்க மாட்டேன்."

ஜீப்பு போயிட்டு. புழுதி அடங்குறதுக்குள்ள கோயில்பிச்சை துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டான். "பாத்தியளா மதினி, ஆள எப்படி மடக்குனேன்! குதிக்கதுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்லா. நாங்க குதிக்கலேன்னா இன்னைக்கு வண்டி நிக்குமா?"

"ரொம்பச் சரி கொழுந்தனாரே. வண்டி நிக்கிற மொத நாளு, மொத டிக்கெட்ட நீருதான் எடுக்கணும்."

கோயில்பிச்சை தண்டவாளத்த ஒரு தடவ பாத்தான். ரோட்ட ஒரு தடவ பாத்தான்.

"எனக்கு மினிபஸ்ஸே வசதி, மதினி."